பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது என் வகுப்புத் தோழர்கள் "நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு", "விண்வெளியில் இந்தியா" என்று பெரிய பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. என் தலைப்பு எங்கள் வீட்டுக்குக் கீழே ரோட்டோரத்தில் நிற்கிறது. அது ஒரு பழைய வெள்ளி நிற இண்டிகா கார். அதன் மேல் பூசுகிற பாலிஷ் டப்பாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "இதுக்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்மில் பல பேருடைய வீட்டில் யாரோ ஒருவர் வண்டி ஓட்டித்தான் நமக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். அந்த வண்டியின் தோலைப் பற்றிய விஷயம் இது.

என் தாத்தா 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். குன்னூர்ப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பாட்டியும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்று, கொழுந்து லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு கடன் வாங்கி செகண்ட் ஹேண்டில் இந்த இண்டிகாவை எடுத்து டாக்சி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே டப்பா, பாட்டில், ரசீது, நோட்டீஸ் எது வந்தாலும் "தம்பி, என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று என் கையில்தான் வரும்.

நான் செய்த தவறு

முதலாம் ஆண்டு விடுமுறையில் நடந்தது. வண்டி மங்கிப்போய்க் கிடந்தது. சீசன் ஆரம்பிக்கும் நேரம். பளிச்சென்று இருக்கிற வண்டியில்தானே டூரிஸ்ட் ஏறுவார்கள்? ஒரு கடையில் கேட்டேன். ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "ஷைன்" என்று இருந்தது. அதைப் படித்தேன். அதை மட்டும்தான் படித்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் ட்ரில்லிங் மெஷின் வாங்கி, முனையில் பஃபிங் பஞ்சை மாட்டி, பானட் மேல் ஓட்டினேன். முதல் ஐந்து நிமிடம் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு ஒரே பெருமை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். பானட்டின் மடிப்பு விளிம்பில் திடீரென்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. வாக்ஸ் போட்டேன், போகவில்லை. பெயிண்டரிடம் காட்டினால், "தம்பி, மேல் கோட்டே போயிருச்சு. இனி பானட் முழுக்க அடிச்சாதான் உண்டு" என்றார். அவர் சொன்ன தொகை அப்பாவின் ஒரு மாத டியூவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்பா திட்டவில்லை. "தெரியாமத்தானே செஞ்ச. வண்டி ஓடுதுல்ல" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆமா, அந்த டப்பாவுல என்னதான் எழுதியிருக்கு? முழுசா படிச்சுச் சொல்லு" என்றார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது: இது அராவும் பொருள், மடிப்பிலும் விளிம்பிலும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, தேய்த்த பிறகு கட்டாயம் பாதுகாப்பு வாக்ஸ் பூச வேண்டும். நான் வாசிக்க வாசிக்க அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். படிக்கத் தெரியாத அவர் கேட்ட கேள்வியை, படிக்கத் தெரிந்த நான் கேட்கவில்லை. அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

பழைய பழக்கம், புதிய பெயிண்ட்

வயதான பெயிண்டர்கள் இன்றும் கார் பெயிண்டை "டூக்கோ" என்பார்கள். அது அமெரிக்காவின் டியூபான்ட் கம்பெனி 1923-ல் கொண்டு வந்த நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்டின் வியாபாரப் பெயர். அதற்கு முன்பு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ அதை மணிக்கணக்குக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வெயில் பட்டால் மேற்பரப்பு மாவு மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்பை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் வரும். அம்பாசடர் ஓட்டிய தலைமுறை இப்படித்தான் வண்டியைப் பராமரித்தது. அவர்களுடைய பெயிண்டுக்கு அது சரி.

ஆனால் அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. இன்றைக்கு நம் ரோட்டில் ஓடுகிற பெரும்பாலான கார்களில் அடியில் ப்ரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. பளபளப்பு முழுவதும் அந்தக் கிளியர் கோட்டில்தான். நிறத்தை வெயிலிலிருந்து காப்பாற்றுவதும் அதுவே. அதன் கனம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். தலைமுடியை விட மெல்லிய ஒரு தோலைத்தான் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காம்பவுண்ட் போட்டு அராவிக்கொண்டிருக்கிறோம்!

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியவில்லையா? வெளியில் தெரியாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் பழைய ஒரே பூச்சு வகை. ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. மெட்டாலிக் நிறம் என்றால் சோதனையே வேண்டாம், கிளியர் கோட் உண்டு.

எடுப்பது எது? கொடுப்பது எது?

கடை அலமாரியில் நாற்பது டப்பா இருந்தாலும் கூட்டம் இரண்டுதான். ஒன்று பெயிண்டிலிருந்து எடுப்பது. மற்றது பெயிண்டின் மேல் கொடுப்பது.

காம்பவுண்ட், பாலிஷ், ஸ்க்ராட்ச் ரிமூவர் மூன்றும் எடுக்கிற கூட்டம். எல்லாவற்றிலும் நுண்ணிய அராவும் பொடி இருக்கிறது. காம்பவுண்டில் பரும்பொடி, பாலிஷில் நைசான பொடி, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்க்ராட்ச் ரிமூவர் கீறலை நிரப்பி மூடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது கீறலைச் சுற்றியிருக்கிற மேட்டைத்தான் அராவிக் கீழே இறக்குகிறது. விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீறலில் நகம் தட்டினால் அது பாலிஷ் வேலை இல்லை, பெயிண்டர் வேலை.

வாக்ஸ், சீலன்ட், கோட்டிங் என்பவை கொடுக்கிற கூட்டம். கார்னோபா வாக்ஸ் பிரேசில் நாட்டின் ஒரு வகைப் பனை இலையிலிருந்து கிடைப்பது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதனால்தான் வெயிலில் நிற்கிற காருக்கும் தாங்குகிறது. சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். பார்வைக்குக் கார்னோபா அளவு செழிப்பு தெரியாது என்பார்கள். ஆனால் பொதுவாக அதைவிட அதிக நாள் உழைக்கும்.

நடுவில் ஒரு மூன்றாவது ஆசாமி இருக்கிறார். "ஆல் இன் ஒன்", "கிளீனர் வாக்ஸ்" என்று பெயர். ஒரு கையால் கொஞ்சம் எடுத்து மறு கையால் கொஞ்சம் கொடுப்பவர். மங்கிய வண்டிக்கு வருடத்தில் ஒரு தடவை போடலாம். மாதா மாதம் போட்டால் அதுவும் அராவல்தான்.

இன்னொரு எச்சரிக்கை. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடுகிற சிலிகான் எண்ணெயைச் சில பேர் பாடி மேலும் தடவிவிடுகிறார்கள். உடனே மின்னும், உண்மைதான். ஆனால் பின்னால் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடிக்கும்போது சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால், சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழியாக விலகிக்கொள்ளும். டீசலும் மண்ணெண்ணெயும் தொட்டுத் துடைப்பதும் இதே கதைதான். ஒரு மணி நேரம் மினுக்கும், பிறகு அந்தப் பிசுக்கில் ரோட்டுத் தூசி எல்லாம் வந்து ஒட்டும்.

நம் மலையில் எதிரிகள் அதிகம்

விளம்பரத்தில் வருகிற கார் சமவெளியில், கூரைக்கு அடியில் நிற்கிறது. நம் கார் எங்கே நிற்கிறது? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அப்படியானால் மேட்டுப்பாளையத்தை விட ஊட்டி வெயிலில் இந்தக் கதிர் சுமார் 20 சதவீதம் அதிகம். குளிராக இருப்பதால் நமக்கு உறைப்பது தெரியவில்லை, ஆனால் கிளியர் கோட்டுக்குத் தெரிகிறது. கூரையிலும் பானட்டிலும் வெள்ளையாகத் தோல் உரிந்த கார்களை ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள். அது வெயிலின் வேலை.

அடுத்தது பனி. டிசம்பர், ஜனவரியில் விடிகாலை சவாரிக்குக் கிளம்பும்போது வண்டி மேல் உறைபனி உப்புத் தூவினது போலக் கிடக்கும். அவசரத்தில் அட்டையை வைத்துச் சுரண்டுகிறோம். அடியில் இருக்கிற மண் துகள்தான் பெயிண்டைக் கீறுகிறது. சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் போதும். சுடுதண்ணீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

மரத்தடியில் நிறுத்தினால் தைல மரத்துப் பிசின், பறவை எச்சம். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் தழும்பு விழும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறவைத்து எடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குவதால் சக்கரத்தைச் சுற்றி இரும்புத்தூள் வேறு படியும். இவை எதற்கும் காம்பவுண்ட் மருந்து இல்லை. மேலே ஒரு வாக்ஸ் அடுக்கு இருந்தால் பிசினும் எச்சமும் முதலில் அதைத்தான் தின்னும், கிளியர் கோட்டைத் தொட நேரமாகும். அந்த அவகாசத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்தியில் குறை சொல்லவில்லை. சந்தனமும் விபூதியும் காய்ந்த பிறகு வறட்டுத் துணியால் தேய்த்து எடுத்தால் அது எமரி சீட் போட்ட மாதிரிதான். குங்குமச் சாயம் ஈரத்தில் கரைந்து வெள்ளை வண்டியில் கறையும் பிடிக்கலாம். பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அப்படியானால் எதை வாங்குவது?

என் கருத்து இதுதான்: கையில் இருக்கிற காசில் முதல் ரூபாய் கழுவுவதற்கு, இரண்டாவது ரூபாய் பாதுகாப்புக்கு, மிச்சம் இருந்தால் மட்டும் பளபளப்புக்கு. நாம் நேர்தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒன்று, கார் ஷாம்பு. கெமிஸ்ட்ரி லேபில் அனுமதி வாங்கி பி.எச். பேப்பரில் தொட்டுப் பார்த்தேன். வீட்டில் துணி துவைக்கிற சோப்புத்தூள் கரைசல் 10-க்குப் பக்கத்தில் காட்டியது. கார் ஷாம்பு 7-க்குப் பக்கத்தில், அதாவது நடுநிலை. பாத்திரம் கழுவுகிற திரவமும் 7-க்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே தயாரானது. வாக்ஸும் ஒரு பிசுக்குதானே? சேர்ந்து போய்விடும். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசச் சுத்தத் தண்ணீர். ஓடையில் இறக்கி மட்டும் கழுவாதீர்கள், கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் நம் ஆட்கள்தான்.

இரண்டு, மைக்ரோ ஃபைபர் துணி இரண்டு அல்லது மூன்று. திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட் இன்ஜினுக்கு நல்லது, பெயிண்டுக்கு இல்லை. அதில் தையலும் எலாஸ்டிக்கும் இருக்கும், கீறும். கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி வண்டியில் வைக்காதீர்கள்.

மூன்று, ஒரு நல்ல வாக்ஸ் அல்லது சீலன்ட். த்ரீ எம், டர்டில் வாக்ஸ், ஃபார்முலா ஒன் என்று பெயர் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். அராவும் பொருள் இல்லை என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்பதே கேள்வி. நம் மலைக்கு வருடத்தில் மூன்று தடவை போட்டால் நல்லது: உறைபனி முடிந்து மார்ச்சில், தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன் செப்டம்பரில். மூடுபனி இல்லாத நாளில், காலை பத்து மணிக்கு மேல், நிழலில், தகடு கைக்குச் சூடு இல்லாமலும் ஈரம் இல்லாமலும் இருக்கும்போது போட வேண்டும். மெல்லிசாகப் போட்டால் போதும். தடிமனாக அப்பினால் துணியோடு போகும், காசும் போகும். வேலை முடிந்ததா என்று அறியத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலை மேல் நிற்பது போல முத்து முத்தாக நின்றால் அடுக்கு இருக்கிறது. தட்டையாகப் படர்ந்தால் தீர்ந்துவிட்டது.

நான்காவதாக, நைசான பாலிஷ் ஒரு சின்ன டப்பா. மங்கிய இடத்துக்கு மட்டும், கையால் மட்டும், எப்போதாவது மட்டும். இதை நான் எழுதும்போது என் கண் முன்னால் எங்கள் பானட் நிற்கிறது.

"செராமிக் கோட்டிங் வந்தாச்சே, இன்னும் வாக்ஸா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கடையில் முறையாகப் போட்டால் அது அதிக காலம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் போடுவதற்கு முன் பெயிண்டைக் குறை இல்லாமல் சரிசெய்ய வேண்டும், போட்ட பிறகு ஈரம் படாமல் காய வேண்டும். மூடிய ஷெட் இல்லாத லயன் வீட்டு வாசலில், ஜூலை மாதச் சாரலில் அதை எப்படிக் காயவைப்பது? தவிர, "செராமிக்" என்ற பெயரோடு வருகிற ஸ்ப்ரே பாட்டில்கள் எல்லாம் கடையில் போடுகிற கோட்டிங் அல்ல. அவை சீலன்ட் மாதிரிதான், சில மாதச் சமாச்சாரம். பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

டப்பா யாருடைய மொழியில் பேசுகிறது?

இப்போது விஷயத்தின் வேருக்கு வருகிறேன். ஸ்டாண்டில் நிற்கிற டிரைவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. காய்ந்த தூசியை வறட்டுத் துணியால் துடைக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, அப்பா. "மொதல்ல தண்ணிய ஊத்து, மண்ணு தானா எறங்கட்டும்" என்பார். வண்டிப் பெயிண்டைப் பற்றி அவர் கைக்குத் தெரிந்தது என் தலைக்குத் தெரியாது. ஆனால் டப்பாவின் பின்பக்கம் அவரோடு பேச மறுக்கிறது. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி விலை, எடை, தேதி போன்ற விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். மற்ற மொழியும் போடலாம், ஆனால் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததை எத்தனை கம்பெனி செய்யும்? முன்பக்கத்தில் மின்னுகிற கார் படம் எல்லோருக்கும் புரிகிறது. பின்பக்கத்து எச்சரிக்கை ஆங்கிலம் படித்தவனுக்கு மட்டும். படித்தவனும் என்னைப் போல அவசரக்காரனாக இருந்தால் அவனுக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் விற்கிற பொருளில், குறைந்தபட்சம் "எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பயன்படுத்தக் கூடாது" என்கிற நாலு வரியாவது தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? அது வரும் வரைக்கும் நாம் சும்மா இருக்க வேண்டுமா?

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கு முந்திய சனிக்கிழமை, டாக்சி ஸ்டாண்டில் ஒரு மேஜை போடுவோம். டிரைவர் அண்ணன்கள் வைத்திருக்கிற டப்பாவைக் கொண்டுவரட்டும். இது எடுப்பதா, கொடுப்பதா என்று பின்பக்கத்தைப் படித்துச் சொல்லி, மூடியில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுப்போம். செலவு ஒரு கட்டுச் சீட்டும் கொஞ்சம் பசையும்தான். பதிலுக்கு அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கள் பானட்டில் அந்த உள்ளங்கை அகல மங்கல் இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வைத்திருந்த பணம் என் மூன்றாம் ஆண்டு ஃபீஸாகப் போய்விட்டது. அதைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த டப்பா வாங்கினாலும் திருப்பிப் பிடித்துத்தான் என்னிடம் நீட்டுகிறார்: "தம்பி, பின்னாடி என்ன போட்டிருக்கு?"

முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம், நண்பர்களே. பின்பக்கத்தைப் படித்துச் சொல்லத்தான் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். சிந்திப்போம், செய்வோம்!

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்